அப்பாவுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கும் வருமா?

கிட்னி புற்றுநோய பத்தி நீங்க போட்ட பதிவுல "பரம்பரையாவும் வரலாம்"னு ஒரே வரியில விட்டுட்டீங்க, அத படிச்சிட்டு இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட்ல என் தங்கச்சி ராத்திரி பூரா தூங்கல. எங்கப்பாவுக்கு அதான் வந்துச்சு. ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு, வலியே இல்லாம ஒன்னுக்கு தே-ஓ (பால் ஊத்தாத டீ) கலர்ல போச்சு, ஒடம்பு சூடுன்னு சொல்லி எளநி குடிச்சிட்டே மாசக்கணக்கா விட்டுட்டாரு. தயவு செஞ்சு யாரும் அப்படி விடாதீங்க, ஒன்னுக்குல ஒரு தடவ ரத்தம் போனாலும் டாக்டர பாருங்க.

பரம்பரை ஜீனால வர்றது 100 பேர்ல 5லேருந்து 8 பேருக்குத்தான். வி.எச்.எல்னு ஒரு ஜீன், 1993லயே கண்டுபிடிச்சாச்சு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அது கெட்டிருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போறதுக்கு 50% வாய்ப்பு. 46 வயசுக்குள்ள வந்தா, ரெண்டு கிட்னியிலயும் கட்டி இருந்தா, குடும்பத்துல இன்னொருத்தருக்கும் இருந்தா ஜீன் டெஸ்ட் பத்தி கண்டிப்பா கேளுங்க. எங்கப்பாவுக்கு வந்தப்ப 67, முப்பது வருஷ சிகரெட்டு, மாத்திரை ஒழுங்கா போடாத பிரஷர், இதெல்லாமே காரணம்தான். அப்பாவுக்கு இருந்தா நமக்கும் ரிஸ்க் கொஞ்சம் கூடத்தான், அதுக்காக வரும்னே அர்த்தம் இல்ல. நேத்து அண்ணன கிளினிக்குக்கு இழுத்துட்டு போனோம், பிரஷர் 160 காட்டுது, அவரும் சிகரெட்டு பிடிக்கிறவரு.