குடியிருக்கும் வீட்டில் இரண்டு அறைகள்

2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கையில் ஹோம்ஸ்டே (குடியிருக்கும் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைப்பது) நடத்துவோருக்குச் சிறுதொழிலுக்கான முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவித்த நாளிலிருந்து, உறவினர்களிடமிருந்தும் தெரிந்தவர்களிடமிருந்தும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடு தொடங்குகின்றன. "ஆச்சி, ஊர் வீடு பூட்டியே கிடக்கிறது. நடு முற்றமான வளவைச் சுற்றி மட்டும் பத்து அறை இருக்கிறது. எல்லாவற்றையும் சரிசெய்து, வந்து தங்குகிறவர்களுக்கு விட்டால் என்ன?" கேட்பவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். காரைக்குடிக்கு அருகில் எங்கள் பூர்வீக வீட்டில் நானும் என் கணவரும் நான்கு ஆண்டுகளாக விருந்தினரைத் தங்கவைத்து, காலைப் பலகாரம் கொடுத்து அனுப்பி வருகிறோம் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, நீங்கள் அந்த வீட்டில் வந்து குடியிருக்கப் போகிறீர்களா என்பதுதான். இல்லை என்றால் இதைத் தொடங்க வேண்டாம். ஆம் என்றால், இரண்டு அறைகளோடு தொடங்குங்கள், அதற்குமேல் வேண்டாம்.

குடியிருக்க வேண்டும் என்பது என் விருப்பம் மட்டும் அன்று. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' திட்டத்தின் அடிப்படையே, உரிமையாளர் தம் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பதுதான். குறைந்தது ஓர் அறை, மிகுதியாகப் போனால் ஆறு அறைகள், பன்னிரண்டு படுக்கைகள் என்று அதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். வசதிகளைப் பார்த்து வெள்ளி, தங்கம் என இரு தரங்களில் சான்று தருகிறார்கள். அறைகளையெல்லாம் நிரப்பிவிட்டு, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, வெளியூரில் இருந்துகொண்டு கைப்பேசியில் நடத்துவது லாட்ஜ். லாட்ஜ் நடத்துவது தவறில்லை. ஆனால் அதற்கு உரிய ஆள்பலமும் முதலீடும் வேறு.

செட்டிநாட்டு வீடுகளைப் பொறுத்தவரை, அரசாங்க அனுமதிக்கு முன்பே பெற வேண்டிய அனுமதி பங்காளிகளுடையது. பாட்டனார் கட்டிய வீட்டில் பேரன்மார் அத்தனை பேருக்கும் பங்கு இருக்கிறது. முகப்பும் வளவும் பட்டாலை என்னும் கூடமும் எல்லோருக்கும் பொது. எங்கள் வீட்டில் ஏழு பங்கு. ஏழு குடும்பத்தாரையும் ஒரே நாளில் உட்காரவைத்துப் பேசி, எந்த இரண்டு அறைகள், எந்த வாசல் வழி, வருமானத்தில் ஓடு மாற்றுவதற்கும் மராமத்துக்கும் எவ்வளவு ஒதுக்குவது, முன்னோருக்கான படைப்பும் கலியாணமும் வரும் நாள்களில் விருந்தினரை ஏற்பதில்லை என்பது உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்க எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கொழுந்தனார் ஒருவர் கடைசிவரை தயங்கினார். அவருடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது. அவருடைய அம்மா பிள்ளை பெற்ற அறையில் முன்பின் தெரியாதவர்கள் படுப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அந்த அறையை நாங்கள் இன்றுவரை விடவில்லை. இந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டு, ஒருவர் மட்டும் முன்னின்று லட்சக்கணக்கில் செலவழித்துத் தொடங்கிய இடங்களில் மனத்தாங்கல் நீதிமன்றம்வரை போனதை நான் அறிவேன்.

அடுத்தது வீட்டின் அமைப்பு. வளவைச் சுற்றியுள்ள அறைகள் படுப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களையும் பெட்டகத்தையும் வைத்துப் பூட்டுவதற்காகக் கட்டியவை; பலவற்றுக்குச் சன்னலே கிடையாது. மனிதர்கள் பத்தி என்னும் தாழ்வாரத்திலும் பட்டாலையிலும் காற்றோட்டமாகப் படுத்தார்கள். இன்று வரும் விருந்தினர் அறையோடு சேர்ந்த குளியலறையை எதிர்பார்க்கிறார், அதுவும் நியாயமே. அதற்காக வளவு அறையின் சுவரை உடைத்துத் தண்ணீர்க் குழாய் பதித்தால், சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அடுக்கடுக்காகப் பூசி இழைத்த அந்தச் சுவரில் ஈரம் ஏறும். ஏறிய ஈரம் வெளியேற முடியாதபடி மேலே சிமெண்டும் பெயிண்டும் பூசுவார்கள். சில ஆண்டுகளில் பூச்சு பொரிந்து உதிரும். பக்கத்திலிருக்கும் பர்மாத் தேக்குக் கதவு நிலையும் கெடும். நாங்கள் வளவைத் தொடவில்லை. வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், முன்பு நெல் மூட்டை அடுக்கிய, வெளிப்பக்கம் சன்னல் உள்ள இரண்டு அறைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் பின்புறம் திறந்த வெளியில் குளியலறைகளைப் புதிதாகக் கட்டிச் சேர்த்தோம். மொத்தச் செலவில் பாதிக்குமேல் அந்தக் குளியலறைகளுக்கே போயிற்று. மூன்றாம் ஆண்டில்தான் போட்ட பணம் திரும்ப வந்தது.

தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அன்று. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையால் செய்வது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அவ்வப்போது துடைத்தால் போதும். ஒருமுறை நாங்கள் மதுரையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த நாளில், சுத்தம் செய்ய மாற்று ஆளாக வந்தவர், விருந்தினர் சிந்திய காபிக் கறையைப் போக்கக் கழிவறைக்கு வைத்திருந்த ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டார். ஆறு கற்கள் வெளுத்துப் போயின. இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான்; அன்று நான் வீட்டில் இல்லை. வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்த ஆறு கற்களும் ஒரு காரணம்.

இனி, பலகாரம். படுக்கையும் காலை உணவும் என்று பெயரிலேயே இருந்தும், இந்தத் தொழிலில் பலரும் முதலில் கைவிடுவது காலை உணவைத்தான். ஏர்பிஎன்பி என்ற நிறுவனம் 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு நண்பர்கள் தங்கள் குடியிருப்பில் காற்று மெத்தைகளை விரித்து, மூன்று விருந்தினருக்கு இடமும் காலை உணவும் கொடுத்ததில் தொடங்கியது. இன்று அந்தத் தளத்தில் உள்ள பெரும்பாலான வீடுகளில் காலை உணவு கிடையாது. வீட்டுக்காரரையே பார்க்காமல் தங்கிவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பின்னாளில் எழுதும் கடிதங்களில் மரத்தூணைப் பற்றி ஒரு வரி இருக்கும். பணியாரத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கும்.

வெள்ளைப் பணியாரத்துக்கு உழக்கு நிறையப் பச்சரிசி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து சேர்த்து ஊறவைத்து, மையாக அரைக்க வேண்டும். பிறகு எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி, சிவக்கவிடாமல் எடுத்து, சூடு ஆறுமுன் வரமிளகாய்த் துவையலோடு இலையில் வைக்க வேண்டும். நான்கு பேருக்கு இதைச் செய்ய அடுப்படியில் முக்கால் மணி நேரம் நிற்கிறேன். மறுநாள் இட்லிக்குக் கத்தரிக்காய்க் கோசமல்லி, அதற்கடுத்த நாள் கந்தரப்பமோ கவுனி அரிசியோ. பத்து அறைகளில் இருபது பேர் தங்கினால் இப்படிச் செய்ய முடியுமா? முடியாது. ரொட்டியும் ஜாமும் மேசையில் வந்து உட்காரும். இரண்டு அறைகள் என்ற என் கணக்கு அடுப்படியிலிருந்து வந்தது. சென்னைக்குப் போகும் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு விடியுமுன் கிளம்புகிறவர்களுக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டிக் கொடுக்க நாலு மணிக்கு எழுவதும் அந்தக் கணக்கில் சேரும்.

இந்த உழைப்புக்கு விலை வையுங்கள் என்று குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்கிறேன். முதல் ஆண்டுக் கணக்கில் மின்சாரம், சலவை, முன்பதிவுத் தளத்துக்குக் கொடுத்த 15 விழுக்காடு எல்லாம் இருந்தன. என் வேலைக்கு ஒரு வரியும் இல்லை. ஆகவே லாபம் என்று தெரிந்தது உண்மையில் என் கூலி. இரண்டாம் ஆண்டிலிருந்து எனக்கும், உடன் வேலை செய்யும் பெண்மணிக்கும் மாதச் சம்பளம் எழுதிய பிறகே மீதியைப் பங்கு வைக்கிறோம். அவருக்கு விருந்தினர் வராத மாதங்களிலும் சம்பளம் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அறைகள் நிறைகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஊர் வெயிலுக்கு யாரும் வருவதில்லை. கடன் வாங்கித் தொடங்குகிறவர்கள், தவணை அந்த மாதங்களிலும் வரும் என்பதை நினைவில் வைத்துத் தொகையை முடிவு செய்ய வேண்டும்.

அரசு தொடர்பான வேலைகள் பயப்படும் அளவுக்கு இல்லை. சுற்றுலாத் துறைப் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தகவல் ஆகியவற்றை முடித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய கடவுச்சீட்டு, விசா விவரங்களை இணையத்தில் பதிய வேண்டும். இதில் மட்டும் ஒரு நாளும் தளர்வு கூடாது.

தொடங்குவதென்றே முடிவு செய்தவர்கள், கட்டட வேலைக்கு ஆள் பேசுமுன் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மே மாதத்தில் இரண்டு அறைகளும் காலியாகத்தான் இருக்கும், வாடகை வேண்டாம். வெயிலில் அறை எப்படி இருக்கிறது என்று ஒரு பகல் இருந்து பாருங்கள். மறுநாள் காலை நாலு மணிக்கு என்னோடு எழுந்து மாவு கரைக்க வாருங்கள். ஏழு பங்காளிகளும் கையெழுத்திட்ட தாளின் நகலும் வைத்திருக்கிறேன். வேண்டுவோர் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.