மலையூர்களுக்கு எட்டாத இணையச் சேவை

அரசுச் சேவைகள் முழுவதும் இணையத்துக்கு மாறினால் மக்களின் அலைச்சல் குறையும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை ஒன்று கூறுவது தருமபுரி நகருக்குப் பொருந்தலாம். அதே மாவட்டத்துச் சித்தேரி மலைக்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டியை ஒட்டிய வனக் கிராமங்களுக்கும் அப்படியே பொருந்தாது. சாதிச் சான்றிதழுக்காக ஒருவர் மலையிறங்கி இ-சேவை மையத்துக்கு வந்தாலும், ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) வந்து சேர வேண்டிய அலைபேசி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்ற மகனிடம் இருந்தால், அந்த மகன் அழைப்பை எடுத்து அதைச் சொல்லும்வரை விண்ணப்பம் நகராது. (மையப் பணியாளரைக் குறைசொல்லிப் பயனில்லை.) ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் தேவையானதே; ஆனால் ஊராட்சி அலுவலகம்வரை வரும் இணைப்பு, அங்கிருந்து தொலைவிலுள்ள குக்கிராமத்துக்குத் தானாக ஏறிவிடாது. இணைப்பு அங்கும் எட்டும்வரையில், அலுவலர் ஒருவர் வாரம் ஒருநாள் அவ்வூர்களுக்கே சென்று, தாளில் எழுதிய மனுக்களைப் பெற்றுத் தாமே பதிவேற்றும் ஏற்பாடு வேண்டும்.