அஞ்சு இன்னிங்ஸ் முடிக்கலையா? அப்ப வெற்றி உன்னுது இல்ல

பேஸ்பால்ல பிட்சர் (பந்து வீசுறவன்) பேருக்குப் பக்கத்துல போடுற அந்த "வின்", "லாஸ்" கணக்கைக் காட்டி எவனாவது "இவன் பெரிய பிட்சர், அவன் சுமார்"னு பேச ஆரம்பிச்சா தலைக்கு மேல கோபம் வருது. எதிரணி எத்தனை ரன் எடுக்குதுங்கிறது ஓரளவு பிட்சர் கையில இருக்கு. தன் அணி எத்தனை எடுக்கும்ங்கிறது அவன் கையில துளிகூட இல்ல. ஆனா ஆட்டத்தோட முடிவை மட்டும் அவன் ஒருத்தன் பேருல எழுதி வைப்பாங்களாம். கிரிக்கெட்ல ஒரு பௌலருக்கு "இந்த சீசன்ல பத்து வெற்றி, ஒன்பது தோல்வி"னு யாராவது எழுதினா சிரிக்க மாட்டோம்?

அந்தப் பத்துக்கு ஒன்பது சும்மா சொன்ன எண் இல்ல. 2018ல நியூயார்க் மெட்ஸ் அணியோட ஜேக்கப் டிகிராம் 217 இன்னிங்ஸ் வீசி, 269 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்) பண்ணி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.70 எர்ன்டு ரன் (ஃபீல்டிங் தப்பால வராத, பிட்சர் பொறுப்புல போன ரன்) மட்டும் விட்டதுக்குக் கிடைச்ச கணக்கு அது. இந்த 1.70ஐத்தான் ஈஆர்ஏம்பாங்க. நல்லவேளை, அந்த வருஷம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கொடுத்தவங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுது. 1987ல தெரியல. ஹூஸ்டன் அணிக்கு ஆடின நோலன் ரயன் ஈஆர்ஏ, ஸ்ட்ரைக் அவுட் ரெண்டுலயும் நேஷனல் லீக்லயே முதல் இடம். ஈஆர்ஏ 2.76. அவர் கணக்கு என்ன தெரியுமா? 8 வெற்றி, 16 தோல்வி. விருது 40 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காப்பாத்தி முடிச்சதுக்கான கணக்கு) வெச்சிருந்த ஒரு ரிலீவருக்கு, அதாவது நடுவுல மாறி வந்து வீசுறவருக்குப் போச்சு.

சரி, இந்த வின்னை எப்படித்தான் கொடுக்கிறாங்க? அணி முன்னிலைக்கு வந்து, அந்த முன்னிலை கடைசிவரை கைவிட்டுப் போகாம இருந்தா, முன்னிலை வந்த நேரத்துல அணிக்குக் கடைசியா வீசியிருந்த பிட்சருக்கு வின். ஆனா ஸ்டார்ட்டரா (ஆட்டத்தைத் தொடங்குற பிட்சரா) இருந்தா குறைஞ்சது அஞ்சு இன்னிங்ஸ், அதாவது 15 அவுட் முடிச்சிருக்கணும். 14 அவுட் எடுத்து, ஒரு ரன்கூட விடாம, 7-0ன்னு முன்னிலையில இறங்கிப் போனாலும் வின் கிடையாது. பின்னால வந்த ரிலீவர்கள்ல யார் நல்லா வீசினாங்கன்னு ஸ்கோரர் பார்த்து ஒருத்தருக்குக் கொடுப்பார். லாஸுக்கு இப்படி ஏதாவது குறைந்தபட்சம் உண்டா? கிடையவே கிடையாது. ஒரே ஒரு பந்து போட்டாலும் தோல்வியை வாங்கிக்கலாம்! 2018ல டாம்பா பே ரேஸ் அணி ஒண்ணு ரெண்டு இன்னிங்ஸ் மட்டும் வீச ஒருத்தரை முதல்ல இறக்குற "ஓப்பனர்" பழக்கத்தைக் கொண்டு வந்துச்சே, அந்த ஓப்பனருக்கு விதிப்படி லாஸ் வரலாம், வின் வரவே வராது.

இதைவிட வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. சொந்த மைதானத்துல ஸ்டார்ட்டர் ஏழு இன்னிங்ஸ் வீசி 3-2 முன்னிலையோட போறான். எட்டாவதுல வந்த ரிலீவர் ஒரு ஹோம் ரன் விட்டு 3-3 ஆக்குறான். அதே இன்னிங்ஸோட கீழ்ப்பாதியில அணி ஒரு ரன் அடிக்குது, ஒன்பதாவதை வேற ஒருத்தன் முடிக்கிறான். வின் யாருக்கு? கெடுத்தவனுக்கு! ஏழு இன்னிங்ஸ் உழைச்சவனுக்கு "நோ டிசிஷன்". கொஞ்ச நேரம் மட்டும் வந்து சொதப்பினவனுக்குக் கொடுக்காம இருக்க ஸ்கோரருக்கு அதிகாரம் இருக்குன்னு சிலர் வாதாடுவாங்க. விதிப்புத்தகம் அதுக்குச் சொல்ற அளவு, ஒரு இன்னிங்ஸுக்குக் குறைவா வீசி, ரெண்டு எர்ன்டு ரன்னோ அதுக்கு மேலயோ விட்டிருக்கணும். நம்ம ஆள் முழு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்தானே விட்டான்? தப்பிச்சுட்டான். 2009 ஜூலை 7ல கொலராடோவோட ஆலன் எம்ப்ரீ பேட்டருக்கு ஒரு பந்துகூடப் போடாம, பேஸை விட்டு நகர்ந்த ரன்னரை எறிஞ்சு அவுட் (பிக் ஆஃப்) பண்ணியே வின் வாங்கிட்டுப் போனார்.

சேவ் இன்னொரு கூத்து. 1969ல அதிகாரபூர்வ கணக்கா ஆச்சு. மூணு ரன் முன்னிலையில ஒன்பதாவதுல வந்து ரெண்டு ரன் விட்டு முடிச்சாலும் சேவ்தான். அந்த இன்னிங்ஸோட ஈஆர்ஏ 18.00, இருந்தாலும் "காப்பாத்திட்டான்". அப்புறம் கடைசி மூணு இன்னிங்ஸ் உருப்படியா வீசினா முன்னிலை எவ்வளவு இருந்தாலும் சேவ்னு ஒரு வழி. 2007 ஆகஸ்ட் 22ல டெக்சஸ் பால்டிமோரை 30-3ன்னு அடிச்ச ஆட்டத்துல வெஸ் லிட்டில்டனுக்கு சேவ்! அவர் வரும்போதே 14-3. யார்கிட்டேயிருந்து எதைக் காப்பாத்தினாருன்னு யாராச்சும் சொல்லுங்க. ஏழாவதுல பேஸ் மூணும் நிறைஞ்சிருக்கும்போது வந்து அணைச்சுட்டுப் போறவனுக்கு ஒரு "ஹோல்ட்", அதுவும் விதிப்புத்தகத்துல இல்லாத கணக்கு.

வின்னைத் திட்டினா உடனே "அப்ப ஈஆர்ஏவைப் பாரு"ம்பாங்க. அந்த லட்சணத்தையும் பார்ப்போம். ரெண்டு அவுட். பிட்சர் முன்னாலயே மெதுவா ஒரு பந்து உருளுது, அவனே எடுத்து முதல் பேஸுக்கு மேல தூக்கி எறிஞ்சுடறான். எர்ரர், அதாவது ஃபீல்டிங் தப்பு. அடுத்து ஒரு சிங்கிள், ஒரு வாக் (நாலு தப்பான பந்தால ஓசியில முதல் பேஸ்), ஒரு கிராண்ட் ஸ்லாம் (பேஸ் மூணும் நிறைஞ்சிருக்கும்போது ஹோம் ரன்), அதுக்கும் அடுத்த ஆள் ஒரு ஹோம் ரன். அஞ்சு ரன். இதுல எர்ன்டு ரன் எத்தனை? பூஜ்யம்! எர்ரர் இல்லேன்னா இன்னிங்ஸ் முடிஞ்சிருக்குமாம். தப்பு பண்ணினவனே அவன்தான், ஆனா ஃபீல்டரா பண்ணினானாம். இதே பிட்சர் பந்தைக் கேட்சருக்கு எட்டாம வீசி ரன் போனா அது வைல்ட் பிட்ச், எர்ன்டு. கேட்சர் பிடிக்க வேண்டியதை விட்டா பாஸ்டு பால், அன்எர்ன்டு. ரெண்டுக்கும் நடுவுல கோடு போடுறது மாடியில உக்காந்திருக்கிற ஸ்கோரர். இன்னிங்ஸ் நடுவுல வர்ற ரிலீவருக்கு முன்னாடி நடந்த எர்ரரோட சலுகை கிடையாது. அதனால ஒரே ரன் அவன் கணக்குல எர்ன்டு, அணி கணக்குல அன்எர்ன்டு. கூட்டினா கூட இடிக்கும்.

முந்தினவன் விட்டுட்டுப் போன ரன்னர்கள் கதையும் இதேதான். பேஸ் மூணும் நிறைஞ்சிருக்கும்போது வந்த ரிலீவர் ஒரு டபுள் (ரெண்டு பேஸ் ஹிட்) விட்டு மூணு பேரையும் உள்ளே அனுப்பினா மூணு ரன்னும் போனவன் பேருல. வந்தவன் ஈஆர்ஏ பளிச்சுனு இருக்கும்.

ஹார்வி ஹாடிக்ஸ் 1959 மே 26ல மில்வாக்கிக்கு எதிரா 12 இன்னிங்ஸ் பெர்ஃபெக்டா வீசினார். 36 பேர், 36 அவுட். பதிமூணாவதுல ஒரு எர்ரர், ஒரு ஹிட், 1-0 தோல்வி. அந்த ரன் அன்எர்ன்டு. அதாவது "இது உன் தப்பில்ல"ன்னு எழுதிட்டு, அடுத்த வரியில லாஸை அவர் பேருலயே போட்டாங்க. 12 ஹிட் விட்ட லூ பர்டெட்டுக்கு வின். 1991ல நோ ஹிட்டருக்கு (ஒரு ஹிட்கூட விடாத ஆட்டத்துக்கு) புது வரையறை போட்டு அந்தப் பட்டியல்லேயிருந்தும் ஹாடிக்ஸைத் தூக்கிட்டாங்க.

"உன் தப்பில்ல, தோல்வி உன்னுது"ங்கிற இந்த முரண்பாட்டைத் திருத்துவாங்கன்னு பார்த்தா நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க. 2020ல வந்து 2023ல நிலைச்சுப்போன விதிப்படி, வழக்கமான சீசன்ல ஆட்டம் சமநிலையில நீண்டா பத்தாவது இன்னிங்ஸ்லேயிருந்து ரெண்டாவது பேஸ்ல ஒரு ரன்னரைச் சும்மா நிறுத்துறாங்க. பிட்சர் ஒரு கிரவுண்டர் அவுட் எடுக்கிறான், ரன்னர் மூணாவதுக்குப் போறான். அடுத்து ஒரு ஃப்ளை அவுட், ரன்னர் ஹோம் பேஸுக்கு வந்து ரன் எடுத்துடறான். எவனும் ஹிட் அடிக்கல, எவனுக்கும் வாக் இல்ல. ஈஆர்ஏவுல அந்த ரன் சேராது, அவன் விட்ட ரன்னர் இல்லையாம். தோல்வி மட்டும் அவனுக்கு.