உண்மை விளக்கம்: ‘பி’ வகை வொலியூம் கொன்ட்ரோல் ஒலியை இரட்டிப்பாக்காது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில், வீட்டில் செய்த முன்பெருக்கியில் (பெருக்கிக்கு முன்னுள்ள ப்ரீஅம்ப் சுற்றில்) உள்ள ‘ஏ’ வகை வொலியூம் கொன்ட்ரோலைக் கழற்றிவிட்டு ‘பி’ வகையைப் பொருத்தினால் ஒலி இரட்டிப்பாகும் என்றொரு செய்தி பகிரப்படுகிறது. அது தவறு. இவ்விரு எழுத்துகளும் குமிழைத் திருப்பத் திருப்ப ஒலி எவ்வாறு கூடுகிறது என்பதையே குறிக்கின்றன.

குமிழை முழுவதும் திருப்பிய நிலையில் இரு வகைகளுமே உள்ளே வரும் ஒலிச் சைகையை (சிக்னலை) ஏறத்தாழக் குறைவின்றி அப்படியே வெளியே விடுகின்றன. ஆகவே உச்ச ஒலி மாறாது. வேறுபாடு நடுவில்தான் இருக்கிறது. நேர்விகித வகையான ‘பி’ பாதித் திருப்பிலேயே பாதி மின்னழுத்தத்தை, அதாவது 6 டெசிபெல் மட்டுமே குறைத்து, விட்டுவிடுவதால் சத்தம் சட்டென எழுகிறது. அதைத்தான் பலர் ‘பவர் கூடிவிட்டது’ என்று எண்ணுகிறார்கள். நமது செவி மடக்கை முறையில், அதாவது சைகை பல மடங்கு கூடினால்தான் ஒலி ஒரு படி கூடியதாக, உணர்வதால், பாதித் திருப்பில் 10 முதல் 15 வீதம் மட்டும் விடும் ‘ஏ’ வகையே குறைந்த ஒலியை நுணுக்கமாகச் சரிசெய்ய உதவும்.

இதை மல்டிமீற்றரால் நீங்களே சோதிக்கலாம். மின்சுற்றிலிருந்து கழற்றிய 50 கிலோ ஓம் கொன்ட்ரோலை நடுவில் நிறுத்தி, நடுக்காலுக்கும் தரைக்காலுக்கும் (சுற்றின் தரையோடு இணையும் ஓரக்கால்) இடையே அளந்தால், ‘பி’ ஏறத்தாழ 25 கிலோ ஓமும், ‘ஏ’ 5 முதல் 7.5 கிலோ ஓமும் காட்டும். சில பழைய ஐரோப்பிய உறுப்புகளில் எழுத்துகள் இடம்மாறியிருக்கும் என்பதால், எழுத்தைவிட அளவையே நம்புங்கள்.

மேம்படுத்த விரும்புவோர், இடம் வலம் இரண்டும் சமமாக இயங்கும் நல்ல இரட்டைக் கொன்ட்ரோலையோ, நிலையான தடைகளாலான படிமுறைச் சுவிட்சையோ தேர்ந்தெடுக்கலாம். அச்செய்தியை இனிமேல் பகிராதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.