5 கிகாஹெர்ட்ஸ் வேறு, 5ஜி வேறு
"போன் ஹாட்ஸ்பாட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று மாற்றினால் லேப்டாப்புக்கு 5ஜி வேகம் வந்துவிடும்" என்கிறீர்கள். இல்லை அண்ணா. 5ஜி என்பது செல்போன் கோபுரத்துக்கும் போனுக்கும் நடுவே ஓடும் சிக்னல். 5 கிகாஹெர்ட்ஸ் என்பது போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஓடும் வைஃபை. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கிய தெருவில் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலில் திணறும்; அங்கே 5-க்கு மாற்றினால் பலன் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வீட்டில், சிக்னலுக்காகப் போனை மாடி ஜன்னலில் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தால், சுவரைத் தாண்டி வருவதில் 2.4 தான் கெட்டி. கோளாறு எங்கே என்று தெரிய, போனை லேப்டாப்போடு யூஎஸ்பி கேபிளில் இணைத்து நெட் ஓட்டிப் பாருங்கள் (சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள் உதவாது). வேகம் கூடினால் கோளாறு வைஃபையில். கூடாவிட்டால் சிக்னலைப் பாருங்கள். விண்டோஸ் சத்தமில்லாமல் அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும்தான்.