நின்னுட்டேன்னாவது சொல்லித் தொலை!

அலைக் கணக்கு போடுற சிமுலேஷன் மென்பொருளைத்தான் திட்டுறேன். எரர் வந்தாக்கூட மனசு ஆறும். எதுவுமே சொல்லாம விடிய விடியத் தொங்கிக்கிட்டு நிக்குதே, அதுதான் வயித்தெரிச்சல்.

டர்பன் துறைமுக வாயில்ல அலைதாங்கிச் சுவரை ஒட்டி டோலோஸ் கான்கிரீட் கட்டைங்க கிடக்குமே, பார்த்திருப்பீங்க. 1960கள்ல நம்ம தென்னாப்பிரிக்காவோட ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துல உருவானது, இன்னைக்கு உலகம் பூரா கடலோரங்கள்ல கிடக்கு. அலை மோதும்போது அதோட நடுத்தண்டு எவ்வளவு தாங்கும்னு கணக்குப் பார்க்கிறதுதான் என் வேலை. விளையாட்டு இல்லைங்க. 1978ல போர்ச்சுகல்ல சீனெஸ் அலைதாங்கியில 42 டன் டோலோஸ்கூட ஒரே புயல்ல முறிஞ்சு போச்சு.

கணக்குக்காகச் சின்னச் சின்னத் துண்டா வெட்டின வலைக்குத்தான் மெஷ்னு பேரு. தண்ணிக்கு ஒரு மெஷ், கட்டைக்கு ஒரு மெஷ். நேரம் ஒவ்வொரு அடி நகரும்போதும் அழுத்தம் இங்கிருந்து அங்க போகணும், கட்டை எவ்வளவு அசைஞ்சதுங்கிறது அங்கிருந்து இங்க வரணும். ஒரே கோர்ல, அதாவது சிபியுவுக்குள்ள ஒரே கணக்குப் பொறியில, அழகா ஓடுது. பல கம்ப்யூட்டரைச் சேர்த்த கிளஸ்டர்ல பல கோருக்குப் பிரிச்சுவிட்டா செத்துப்போகுது.

ஏன்? இப்படிப் பிரிச்சு ஓடுற ஒவ்வொரு பிரதியும் ஒரு புராசஸ், அதுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற முறை எம்.பி.ஐ. அதுல கூட்டு அழைப்புன்னா குழுவுல இருக்கிற எல்லா புராசஸும் அழைச்சே ஆகணும். தண்ணி மெஷ் பெருசு, கட்டை மெஷ் சின்னது, ரெண்டையும் தனித்தனியா வெட்டுறாங்க. கட்டையில ஒரு துண்டுகூடக் கிடைக்காத புராசஸ் அந்த அழைப்பு வரியைத் தொடாமலே தாண்டிப் போயிடுது. மத்ததெல்லாம் அது வரும் வரும்னு காத்துக் கிடக்கு. காத்துக் கிடக்கிறதும் சும்மா இல்ல, வந்தாச்சா வந்தாச்சான்னு சுத்திக்கிட்டே இருக்கிறதால சிபியு நூறு சதவீதம் காட்டுது! ஒரு அடி நகரல, நமக்கு ஒதுக்கின கோர் நேரம் மட்டும் கரைஞ்சுகிட்டே இருக்கு. நாள்கணக்கா கியூவுல நின்னு வாங்கின நேரம் அது. "அண்ணா, இன்னும் ஓடுதா?"ன்னு டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதித் தம்பி கேட்டா என்னன்னு சொல்றது? ஓடுதா நிக்குதான்னே தெரியலையே!

மென்பொருள்காரங்களுக்கு எழுதினா, "மெஷ்ஷைச் சின்னதாக்கிப் பாருங்க"ன்னு பதில். சின்ன மெஷ் போதும்னா கிளஸ்டருக்கு ஏன்யா போறோம்?

இதைவிடக் கொடுமை, தொங்காம ஓடி முடிஞ்சு தப்பான விடையைத் தர்றது. கோர் எண்ணிக்கை மாறினா கூட்டுற வரிசை மாறி கடைசி இலக்கங்கள் மாறும், அதை நான் ஒத்துக்கிறேன். ஆனா எதிர் மெஷ்ல இருக்கிற பக்கத்துப் புள்ளியைத் தன் புராசஸுக்குள்ள மட்டுமே தேடிட்டு, கிடைச்சது எதுவோ அதுல விசையைக் கொட்டிட்டுப் போனா? தண்ணி தள்ளின விசை ஒண்ணு, கட்டை வாங்கின விசை வேற. படம் மட்டும் கலர் கலரா அருமையா வருது. அதை நம்பி ஒருத்தர் கடல்ல கட்டையை இறக்குவாரே!

பெருசா ஒண்ணும் கேக்கல. ஒவ்வொரு பரிமாற்றத்துலயும் ரெண்டு பக்கத்து மொத்த விசையையும் அச்சடி. ஒத்துப்போகலைன்னா அங்கேயே நிறுத்து. காத்திருக்கிறது எல்லை தாண்டினா எந்த புராசஸ் வரல, எந்த மெஷ்ல வரலன்னு ஒரு வரி எழுதிட்டுச் சாவு. இதைச் செய்யாம "இணை ஓட்டம் (பல கோர்ல ஒரே நேரத்துல ஓடுறது) உண்டு"ன்னு கையேட்டுல போடாதீங்க.