தாழ்வுப் பகுதிக்கே இத்தனை அலறலா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் போதும், தென்கிழக்கு வங்கக் கடலில் வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானதற்கே, அது எந்த ஊரில் எப்போது கரையேறும் என்று செய்தித் தொலைக்காட்சிகள் சிவப்பு எழுத்தில் அலறத் தொடங்கிவிடுகின்றன. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் அது புயல் என்பதோ, பல தாழ்வுப் பகுதிகள் அந்நிலையை எட்டாமலே கலைந்துவிடும் என்பதோ இவர்களுக்குப் பொருட்டே இல்லை. தாழ்வுப் பகுதியை நகர்த்திச் செல்லும் காற்றோட்டம் வலுவிழந்தால் அது கடலிலேயே தயங்கி நிற்கும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் அப்படித்தான் போக்குக் காட்டி, புயலாகாது என்று கருதப்பட்ட பின் 29ஆம் தேதி புயலாகி, மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வானிலை ஆய்வு மையத்தின் வரைபடத்தில் புயல் எங்கெல்லாம் போகக்கூடும் என்று காட்டப் பாதையின் இருபுறமும் அகன்று விரியும் கூம்பு, திரைக்கு வருவதற்குள் ஒற்றை அம்புக்குறியாகச் சுருங்கிவிடுகிறது (வரைகலைச் சூறாவளிக்குள் குடையோடு நிற்பவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை). மழை பொய்த்தால் வசவு மட்டும் ஆய்வாளர்களுக்கு!